சுலைஹா ராத்தா பிரித்துப் பார்த்த சட்டை

சுலைஹா ராத்தா மௌத்தாகிவிட்டார் என்று தொலைபேசியில் கேட்டபோது என் வாயில் முதலில் வந்தது, "யார் சொன்னது?" என்ற கேள்விதான். அழைத்தவள் அவருடைய சொந்த மகள் நஸீமா. "நான்தான் அன்ரி சொல்றன். உம்மாட தலைமாட்டில இரிந்துதான் கதைக்கிறன்" என்றாள். அதற்குப் பிறகும் காத்தான்குடியில் தெரிந்த இன்னொருவருக்கு அழைத்து விசாரித்துவிட்டுத்தான் நான் வீட்டைப் பூட்டினேன். அக்கா முறையில் அவரை ராத்தா என்று கூப்பிட்டவர்கள் இதை வாசித்துச் சிரிப்பீர்கள். என்னைப் பற்றி அப்படி ஒரு செய்தி போயிருந்தால் அவரும் இதையேதான் செய்திருப்பார். யுத்த காலத்தில் இங்கே வந்த மரணச் செய்திகளில் பாதி பொய். ஒளிந்திருக்கிறவனை வெளியே வரவைப்பதற்காக அவனுடைய தாய் செத்துவிட்டாள் என்று ஆள் அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பழக்கம் எனக்கு இன்னும் விட்டுப்போகவில்லை.

அடக்கம் முடிந்த மறுவாரம், எங்கள் பழைய தையல் நிலையத்துப் பெண்கள் நாவற்குடாவில் ஒன்றுகூடினோம். வெளியிலிருந்தும் சிலர் வந்து பேசினார்கள். ராத்தா எல்லோரையும் நம்பியவர் என்று ஒருவர் சொன்னார். இரு சமூகங்களுக்கும் நடுவில் நின்ற பாலம் என்றார் இன்னொருவர். ராத்தா அங்கே இருந்திருந்தால், "இவருக்கு இப்ப என்ன வேணுமாம்?" என்று என் காதுக்குள் கேட்டிருப்பார். அவர் யாரையும் நம்பியவரல்லர். என்னை நம்பவில்லை, சொந்த மருமகனை நம்பவில்லை, சமாதான காலத்தையும் நம்பவில்லை. செத்தவரைப் பற்றி நல்லதுதான் பேச வேண்டும் என்பார்கள். எனக்கு இது நல்லதாகத்தான் படுகிறது. ஏன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்கள் நிலையம் வாவிப் பக்கமாக, ஒரு தகரக் கொட்டிலில் நடந்தது. ஒரு தொண்டு நிறுவனம் துணியும் நூலும் தந்தது. அதைக் கொடுத்து வாங்குகிற பொறுப்பு என்னுடையது. படுவான்கரையிலிருந்து, அதாவது வாவிக்கு மேற்கே வயற்பக்கத்திலிருந்து, இடம்பெயர்ந்து வந்த தமிழ்ப் பெண்கள்தான் அதிகம். கைவேலை பழக்குவதற்குக் காத்தான்குடியிலிருந்து ஓர் ஆள் வருகிறா என்று சொன்ன அன்று கொட்டிலில் எல்லோரும் ஊசியைக் கீழே வைத்தார்கள். சைக்கிளில் கொஞ்ச நேரத்தில் போய்வரக்கூடிய முஸ்லிம் ஊர்தான். ஆனால் அந்தப் பக்கம் ஒருவரும் இந்தப் பக்கம் ஒருவரும் செத்து, அந்த வீதியே சில நாட்களில் வெறிச்சோடிக் கிடந்த காலம் அது. வயலுக்குப் போன ராத்தாவின் தம்பி திரும்பி வரவில்லை. செய்தது எங்கள் ஆட்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அவர் அதைப் பற்றி எங்களிடம் வாய் திறந்ததில்லை, நாங்களும் கேட்டதில்லை.

ஆகவே இவரை யார் அனுப்பியிருப்பார்கள் என்ற யோசனையோடுதான் நான் வாசலில் நின்றேன். அவரும் அதே யோசனையோடுதான் வந்திருப்பார். வந்தவர் வணக்கமோ சலாமோ சொல்லவில்லை. என்னுடைய சட்டைக் கையின் விளிம்பைப் பிடித்து உட்பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"இத ஆருகா தைச்ச?"

"நான்தான்."

"முன்னால நல்லாரிக்கு. உள்ள பாத்தா கோழி கிளறின மாதிரி இரிக்கு."

எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு அவருக்குத் தேத்தண்ணீர் கொடுக்கவில்லை. மறுநாள் கொடுத்தேன். நான் முதலில் ஒரு மிடறு குடிக்கும் வரை அவர் கோப்பையைத் தொடவில்லை. அதற்குப் பிறகுதான் எனக்கு அவர்மேல் ஒரு மரியாதை வந்தது.

ராத்தா பல வருடங்கள் ஜோர்தானில், அம்மானில், ஒரு பலஸ்தீனக் குடும்பத்தில் வீட்டு வேலை செய்தவர். அந்த வீட்டுக் கிழவிக்கு ஹெப்ரோன் பக்கத்தில் ஒரு கிராமம். சிறுமியாக ஊரை விட்டு ஓடிவந்தபோது தாயின் கறுப்பு உடுப்பு ஒன்றும் மூட்டைக்குள் வந்துவிட்டதாம். நெஞ்சிலும் கையிலும் கரையிலும் சிவப்பு நூலால் குறுக்குத் தையல், இடையில் பச்சையும் செம்மஞ்சளும். கிழவிக்கு அந்தத் தையல்தான் எழுத்து. சந்தையில் நடந்து போகிற பெண்ணின் உடுப்பைப் பார்த்து இவள் ரமல்லாக்காரி, இவள் காஸாக்காரி என்று சொல்லிவிடுவாராம். பாஷாவின் கூடாரங்கள் என்று ஒரு கோலம், சைப்பிரஸ் மரம் என்று ஒரு கோலம். ஊருக்கு ஊர் நூலின் நிறம் மாறும், கோலம் நிற்கும் இடம் மாறும். சிவப்பு மணப்பெண்ணுக்கும் மனைவிக்கும். கணவனை இழந்தவளுக்கு நீலம். ஊர் இடிந்து போனாலும் உடுப்பில் ஊர் இருக்கிறது என்று கிழவி சொல்வாராம்.

இரவில் வேலை முடிந்ததும் ராத்தா கிழவிக்குப் பக்கத்தில் இருந்து தைக்கப் பழகினார். பிழைத்தால் கிழவி பேசாமல் பிரித்துவிடுவாராம். பின்பக்கமும் முன்பக்கம் போலவே இருக்க வேண்டும், முடிச்சு போடக் கூடாது, நூலின் நுனியைத் தையலுக்கு உள்ளேயே ஓட்டி மறைக்க வேண்டும். அப்படித் தனக்கென்று ஒரு கறுப்பு உடுப்பைத் தைத்தார். கையும் கரையும் முடிந்து நெஞ்சுப் பகுதிக்கு வந்தபோது கிழவி நிறுத்திவிட்டார். அது எங்கட ஊர்ப் பெண்களுக்கு, நீ போய் உன்னுடைய ஊரை அதில் தை என்றாராம். வெறும் நெஞ்சோடு அந்த உடுப்பு காத்தான்குடிக்கு வந்தது. அதை எங்களுக்குக் காட்டுவதற்காக ஒரு நாள் கொண்டுவந்தார். களவெடுத்து வந்திருப்பாரோ என்று நான் நினைத்தேன். பிறகு உட்பக்கத்தைப் பார்த்தேன். கையில் இருந்த தொடக்கத் தையலெல்லாம் கோணல். களவெடுக்கிறவர் கோணலானதை எடுக்கமாட்டார் என்று முடிவு செய்தேன்.

அன்று கொட்டிலில் ஒரே சிரிப்பு. தவமணி என்று ஒருத்தி இருந்தாள், கொக்கட்டிச்சோலைப் பக்கம், வாய் சும்மா இருக்காது. "ராத்தா, இத உடுத்திற்றுப் போனா எந்த ஊர், கலியாணம் கட்டினவளா, புருஷன் இருக்கானா எல்லாம் தெரியுமா?" என்று கேட்டாள்.

"ஓம். எல்லாம் தெரியும்."

"அப்ப நம்மட நாட்டுக்கு இது சரிவராது. முதல் சென்றிச் சோதனையிலேயே இறக்கிப் போடுவான்."

ராத்தாவும் சிரித்தார். "அதுக்குத்தான் நான் நெஞ்சில ஒண்டும் தைக்கல்ல" என்றார்.

அடையாள அட்டையில் எந்த ஊர் எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்து ஒருவன் வீட்டுக்குப் போவதும் போகாததும் முடிவான காலம். எங்கேயோ ஓர் ஊர்ப் பெண்கள் தங்கள் ஊரை மார்பில் தைத்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தார்கள் என்று கேட்க எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பொறாமையும் வந்தது.

அந்தக் கிழவியின் உடுப்பில் சின்னச் சின்ன முக்கோணங்களும் இருந்தனவாம். அவை தாயத்து. கண்ணூறும் கெடுதியும் அண்டாமல் இருக்கத் தைப்பது. ராத்தா அதை வெறும் கோலமாகத்தான் பழக்கினார். தவமணி அதைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய கணவன் நல்லதம்பி வயலைப் பார்க்க ஒவ்வொரு கிழமையும் படுவான்கரைக்குப் போய்வர வேண்டும். மண்முனைத் துறையில் 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவையில் வாவியைக் கடக்க வேண்டும். இந்தக் கரையிலும் சோதனை, அந்தக் கரையிலும் சோதனை. அவனுடைய சட்டைக் கொலரின் தையலைப் பிரித்து, கீழ்ப்பக்கத் துணியில் ஒரு சிவப்பு முக்கோணம் தைத்து, பின்பக்கம் இரண்டு துணிகளுக்கும் நடுவில் மறையும்படி திரும்ப மூடினாள்.

ராத்தா அதைக் கண்டுவிட்டார். "இது எங்கட மார்க்கத்துக்கு, ஈமானுக்குச் சரியில்ல. இதுக்கு நான் பழக்கமாட்டன்" என்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அவரால் இருக்க முடியவில்லை. எழும்பி வந்து தவமணியின் கையிலிருந்து சட்டையைப் பறித்தார். "தைக்கிறெண்டா ஒழுங்காத் தையன்டி. முடிச்சப் போட்டு வச்சிரிக்கா பாரு, குரும்பட்டி மாதிரி" என்று திட்டினார். தவமணி முடிச்சை விடவில்லை. முடிச்சில்லாத நூல் நிற்கும் என்று அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. அதற்குப் பிறகு எங்கள் கொட்டிலில் கணவன் உள்ள பெண்கள் எல்லோரும் ஆளுக்கொரு கொலருக்குள் முக்கோணம் வைத்தார்கள். பக்கத்து வீடுகளுக்கும் அது பரவிற்று. எல்லாம் ஒரே அளவு, ஒரே சிவப்பு, நான் கொடுத்த ஒரே நூல்.

நல்லதம்பியைப் பிடித்தது அந்த வருடந்தான். பாதையிலிருந்து ஆட்களை இறக்கிச் சோதித்தவர்கள் அவனை மட்டும் நிறுத்தி வைத்துக்கொண்டார்கள். பிடித்தது யார் என்று கண்டவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். தவமணி போகாத இடமில்லை. பிடித்தது எங்கள் ஆட்கள் இல்லை என்றுதான் எல்லா இடத்திலும் பதில். பிறகு ஒரு கதை கிளம்பியது. துறையில் கொலரைத் தூக்கிப் பார்த்தார்களாம், முக்கோணம் ஏதோ ஓர் அணியின் அடையாளம் என்று நினைத்தார்களாம். உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அன்று பின்னேரமே எல்லோரும் கொலர்களைப் பிரித்து நூலை அடுப்பில் போட்டார்கள். அந்த ராத்தா எங்கட மாப்பிள்ளைமாருக்குக் குறி வைச்சுக் குடுத்திற்றா என்று பேச்சு எழும்பியது. தம்பிக்காகச் செய்தா என்றும் சொன்னார்கள். ராத்தா காதில் அது விழாமல் இருந்திருக்காது. நாள் தவறாமல் வந்தார், தன் பாயை விரித்தார், பழக்கினார்.

தவமணி மட்டும் அவருக்குப் பக்கத்திலேயே இருந்தாள். ஒரு நாள் தைத்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் கேட்டாள்.

"ராத்தா, புருஷன் இருக்கானா இல்லையா எண்டு தெரியாதவள் அங்க என்ன நூலால தைப்பாள்? சிவப்பாலயா, நீலத்தாலயா?"

ராத்தா ஊசியை நிறுத்திவிட்டார். "அத நான் கிழவியிட்டக் கேக்கல்ல புள்ள" என்றார். பிறகு சிவப்பு நூற்கண்டை எடுத்து அவள் மடியில் வைத்தார். "நீலத்துக்கு மாறுறெண்டா எப்பவும் மாறலாம். அதுக்கென்ன அவசரம்?"

அந்த ஆள் வந்தது அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு. நடுத்தர வயது, தோய்த்து மடித்த சேட்டு, மரியாதையான பேச்சு. எந்த ஊர்த் தமிழ் என்று எனக்குப் பிடிபடவில்லை. அதுவே எனக்குச் சந்தேகப்படப் போதுமாக இருந்தது. ஆனால் தவமணி அவனைக் கடவுளாகப் பார்த்தாள். நல்லதம்பி உயிரோடு இருக்கிறான், மேற்கே காட்டுப் பக்கம் ஓர் இடத்தில் வைத்திருக்கிறார்கள், மனைவி நேரில் வந்து இவன் என் கணவன் என்று சொன்னால் விட்டுவிடுவார்கள் என்றான். காசு எதுவும் வேண்டாமாம். அவள் தனியாக வர வேண்டும், நாளைக் காலையே வர வேண்டும். சொல்லிவிட்டு, பத்திரிகைத் தாளில் சுற்றியிருந்த ஒரு சட்டையை எடுத்து நீட்டினான். கொலரைத் தூக்கினால் கீழே சிவப்பு முக்கோணம்.

கொட்டிலில் அழாதவர்கள் இல்லை. தவமணி அழவில்லை. எழும்பி நின்று, "அக்கா, புள்ளைகள ரெண்டு நாளைக்கு வச்சிருங்க" என்று என்னிடம் சொன்னாள். அவளுக்கு ஒரு மகனும் ஒரு மகளும், இரண்டும் குழந்தைகள். நான் அந்த ஆளிடம் உங்களுக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்டேன். தெரிந்த ஒருவர் மூலம் என்றான். அந்தத் தெரிந்தவர் யார் என்றேன். அதைச் சொன்னால் அவருக்கு ஆபத்து என்றான். யுத்த காலத்தில் இதற்கு மேலே கேட்கவும் முடியாது, இதை நம்பவும் முடியாது.

ராத்தா பாயிலிருந்து எழும்பி வந்து சட்டையை வாங்கினார்.

"அவர் இதத் தரக்குள்ள என்ன சொன்ன?"

"மனிசியிட்டக் குடுங்க எண்டார்."

"வேற?"

"வேற ஒண்டுமில்ல."

"ரெண்டு புள்ளைட தகப்பன். புள்ளைகளப் பத்தி ஒரு சொல்லுக் கேக்கல்லயா?"

"அங்க கதைச்சிட்டு இருக்க நேரமில்லையே ராத்தா."

"சட்டையக் கழட்டித் தர மட்டும் நேரமிருந்திச்சா?"

அவன் தவமணியின் பக்கம் திரும்பினான். தவமணிக்கு அவர் மேல் கோபமே வந்தது. "விடுங்க ராத்தா, இது அவர்ட சட்டைதானே, தாயத்து இருக்கே" என்றாள். ராத்தா என் மேசையிலிருந்த, நூல் வெட்டுகிற பிளேட்டை எடுத்தார். வெளிச்சத்துக்காகச் சன்னல் பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கொலரின் மடிப்பைக் கொஞ்சம் பிரித்து உள்ளே பார்த்தார். அதிக நேரம் பார்க்கவில்லை. விரலால் மடிப்பை அமத்தி மூடினார். திரும்பியபோது அவருடைய முகத்தை நான் உன்னிப்பாகக் கவனித்தேன். மற்றவர்களின் தையலில் பிழை கண்டால் வருகிற எரிச்சல்தான் அதில் இருந்தது.

"இது தவமணிட கையில்ல. இவ முடிச்சுப் போடுவா. இதில முடிச்சில்ல. இது வேற ஆருட மாப்பிள்ளைடயோ சட்டை" என்றார்.

"அதை அவதான் சொல்ல வேணும்" என்றான் அவன்.

ராத்தா சட்டையை அவளிடம் கொடுக்கவில்லை. நானும் பார்க்கிறேன் என்று கை நீட்டினேன், எனக்கும் தரவில்லை. தாளில் சுற்றி அவன் கையிலேயே வைத்தார். "இந்தச் சட்டைக்காரி எங்கயோ தேடிற்றுத் திரிவா. அவளக் கண்டுபிடிச்சுக் குடுங்க."

தவமணி நின்ற இடத்திலேயே ராத்தாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகக் குந்தினாள். "ராத்தா சொன்னாச் சரி" என்றாள். அந்த ஆள் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனான். பிறகு வரவில்லை.

அதன் பிறகு ராத்தா பட்ட பாட்டை நாவற்குடாக் கூட்டத்தில் ஒருவரும் பேசவில்லை. நான் பேசுகிறேன். உயிரோடு இருந்தவனை வரவிடாமல் தடுத்துவிட்டா என்றார்கள். முதலில் குறி வைத்துக் கொடுத்தா, இப்போது கதவையும் அடைத்தா என்றார்கள். பாய்களைத் தள்ளிப் போட்டார்கள். அவர் ஊற்றிய தேத்தண்ணீரை ஒருவரும் குடிக்கவில்லை. அவருடைய ஊரிலோ, தமிழாக்களுக்குத் தைக்கப் போய் என்ன கண்டாய் என்று கேட்டிருக்கிறார்கள். எனக்கும் ஒரு சந்தேகம் குடைந்துகொண்டே இருந்தது. உள்ளே ஒன்றுமில்லையென்றால் எங்களுக்கு ஏன் காட்டவில்லை? வேறொரு ஊரில் அப்படி ஓர் ஆளோடு போன பெண் திரும்பவில்லை என்று பிறகு கேள்விப்பட்டோம். எந்த ஊர், என்ன பெயர் என்று விசாரித்தால் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆகவே அந்தக் கதையையும் நான் முழுதாக நம்பவில்லை. கொஞ்ச நாளில் வீதி மறுபடியும் அடைபட்டது. ராத்தா வருவது நின்றது.

சமாதான காலம் வந்தபோது நான் காத்தான்குடிக்குப் போனேன். கதவைத் திறந்தவர், "ஆர் உன்ன அனுப்பின?" என்று கேட்டார். ஒருவரும் இல்லை என்றேன். அதை நம்பாமலே உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். சுவரில் அந்தக் கறுப்பு உடுப்பு தொங்கியது. நெஞ்சுப் பகுதி அப்போதும் வெறுமையாக இருந்தது. "சண்டைதான் முடிஞ்சிற்றே ராத்தா, இனி ஊரத் தைக்கலாமே" என்றேன். "முடியல்ல புள்ள. நிப்பாட்டி வச்சிரிக்காங்க" என்றார். அதில் அவர் சொன்னதுதான் சரியாக வந்தது.

போன காரியத்தைக் கேட்டேன். "அந்தக் கொலருக்குள்ள என்ன இருந்திச்சு?"

அவர் எழும்பிப் போய் வாசலைப் பார்த்துவிட்டு வந்தார்.

"இரத்தம்."

நான் கிட்ட நகர்ந்து உட்கார்ந்தேன்.

"கழுவித்தான் கொண்டந்திரிந்தான். மேல சுத்தம். ரெண்டு துணிக்கும் நடுவில தண்ணி போகல்ல. காஞ்சு கறுத்துப் போயிரிந்திச்சு. அதுக்குள்ள அவட முடிச்சு. எத்தின தரம் சொன்னன், முடிச்சுப் போடாதடி எண்டு."

"அப்ப ஏன் ராத்தா உண்மையச் சொல்லல்ல?"

"மௌத்தாகிற்றான் எண்டு சொன்னா அவ நிப்பாளா? மையித்த, அந்த உடம்பயாவது காட்டு எண்டு அவன் பின்னாலேயே போயிரிப்பா. இது உன்ட மாப்பிள்ளைட சட்டையில்ல எண்டு சொன்னாத்தான் நிப்பா."

"அவையள் உங்களப் பத்தி என்னெல்லாம் கதைச்சவை."

"கதைக்கட்டும். கதைச்சா உசிர் போகுமா?" பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "நீ போய் அவளுக்குச் சொல்லுவாய்."

"சொல்லமாட்டன்."

"சொல்லுவாய். மனிசர் எல்லாரும் சொல்லுவாங்க. நான் உசிரோட ஹயாத்தா இரிக்கிற வரைக்குமாவது வாய வச்சிற்று இரி. அவ அந்த மனிசன் வருவான் வருவான் எண்டு புள்ளைகள வளத்திற்று இரிக்கா. வளக்கட்டும்."

நான் வாயை வைத்துக்கொண்டுதான் இருந்தேன். சண்டை மறுபடி தொடங்கி, ஒருவழியாக முடிந்து, தவமணியின் பிள்ளைகள் ஆளாகி, மகனுக்குக் கலியாணமும் ஆகிவிட்டது. பெருநாளுக்குப் பெருநாள் அவள் ராத்தாவைப் பார்க்கப் போவாள். ராத்தா ஒவ்வொரு முறையும், "தகவல் ஏதும் கிடைச்சா புள்ள?" என்று கேட்பார். "இல்ல ராத்தா, எங்கயோ இருப்பார்" என்று அவள் சொல்வாள். அந்தப் பேச்சை நான் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறேன். ஒருவர் இவ்வளவு இயல்பாக எப்படிப் பொய் சொல்கிறார், மற்றவள் இவ்வளவு வெகுளியாக எப்படி நம்புகிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

நாவற்குடாக் கூட்டம் முடிந்து, தவமணியும் நானும் பஸ்ஸுக்கு நடந்தோம். இனியாவது சொல்லத்தான் வேண்டும் என்று எனக்குள் ஒரு போராட்டம். எப்படித் தொடங்குவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அவளே பேச்சை எடுத்தாள்.

"அக்கா, அது என்ட தையல்தான்."

நான் நின்று அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

"அவன் கொலரத் தூக்கிக் காட்டினவுடனேயே கண்டுட்டன். கீழ் மூலையில ஒரு தையல் விட்டுப்போய், பிறகு வேற நூலால போட்டனான். என்ட கை எனக்குத் தெரியாதா? ராத்தா பிரிச்சுப் பாத்திற்று இல்லையெண்டு சொன்னா. முடிச்சப் பத்தி அவ பொய் சொல்ல வேண்டிய தேவையென்ன? உள்ள என்னத்தையோ கண்டிருக்கா. உசிரோட இருக்கிற ஆள்ட சட்டைக்குள்ள காணாத ஒண்டக் கண்டிருக்கா. அது எனக்கு அப்பவே விளங்கிற்று."

"பிறகேன் ஒண்டும் சொல்லல்ல?"

"சொல்லியிருந்தா நான் போயிருக்க வேணும் அக்கா. அவர்ட உடம்பயாவது கேட்டுப் போயிருக்க வேணும். புள்ளைகள் நடுத்தெருவில நிண்டிருக்கும். அந்த மனிசி எனக்காகத் தலையக் குடுத்திற்று நிக்குது. நான் நம்பினமாதிரி நிண்டுட்டன்."

"இவ்வளவு காலமுமா?"

"அவ ஒவ்வொரு தரமும் கேப்பா, தகவல் கிடைச்சா எண்டு. நான் இல்லையெண்டு சொன்னவுடன அவட முகத்தப் பாத்திருக்கீங்களா? அந்தப் பொய் இன்னும் நிக்குது எண்டு ஒரு நிம்மதி. அத நான் ஏன் கெடுக்க?" பஸ் வருகிறதா என்று வீதியைப் பார்த்தாள். "அவருக்கு ஒரு திவசம் குடுக்கல்ல. ஆடி அமாவாசைக்கு ஊரே மாமாங்கக் கோயிலுக்குப் போய்த் தீர்த்தமாடும், நான் போனதில்ல. நான் போனா அவவுக்குத் தெரிஞ்சிரும், நான் அறிஞ்சுட்டன் எண்டு. இனிக் குடுக்கலாம். மகனிட்டச் சொல்லிப்போட்டன். நீங்க இத எழுதுறெண்டாலும் எழுதுங்க."

யாரையும் நம்பாமல் எல்லோரையும் உள்ளும் புறமும் சோதித்துக்கொண்டே வாழ்ந்தவர் சுலைஹா ராத்தா. அவரை ஏமாற்ற முடிந்தவள் இந்தத் தவமணி ஒருத்திதான். தான் காப்பாற்றுகிற பெண் தன்னையும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள் என்பது தெரியாமலே அவர் போய்விட்டார். எனக்கு இதை நினைக்க அழுகை வருகிறது, மறைக்கவில்லை. ஒருவரை முழுதாக நம்பிய பிறகுதான் அவருக்காக நிற்க முடியும் என்று கூட்டங்களில் பேசுகிறார்கள். ராத்தா எங்களில் ஒருத்தியைக்கூட நம்பவில்லை. தம்பியை இழந்தவர், எங்கள் நடுவில் வந்திருந்து, எங்களில் ஒருத்தியின் பிள்ளைகளுக்குத் தாய் மிஞ்ச வேண்டும் என்பதற்காகத் தன் பெயரைக் கெடுத்துக்கொண்டார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான்.

வருகிற ஆடி அமாவாசைக்கு நல்லதம்பிக்கு அவன் மகன் எள்ளும் தண்ணீரும் இறைப்பான். தவமணியோடு நானும் மாமாங்கத்துக்குப் போகிறேன். அங்கே ஐயர் எப்போது இறந்தவர் என்று கேட்பார். அதற்குத்தான் என்ன சொல்வதென்று எங்கள் இருவருக்கும் இன்னும் தெரியவில்லை.